ஏப்பம் விட்டதும் போய்விடும் வலி

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஒருவர், வயது 52, என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "வாய்வு சார். ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா கிளம்பிருவேன்."

மூன்று வாரமாக இருக்கிறதாம். லாரியிலிருந்து வெங்காய மூட்டையை முதுகில் வாங்கி இருபது எட்டு வைத்தால் நடு நெஞ்சில் ஏதோ பிசைகிறது, தாடை வரைக்கும் ஏறுகிறது. மூட்டையைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சோடா ஒன்று வாங்கிக் குடிப்பார். நாலு ஏப்பம் வரும். வலி போய்விடும். "சோடாவுக்குக் கேக்குதுல்ல சார், அப்ப வாய்வுதானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் சோடாவுக்கு முன்னால் நடந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மூட்டையை இறக்கினார், உட்கார்ந்தார். பழம் பிழிந்து, சோடாவை உடைத்து ஊற்றி, குடித்து முடித்து ஏப்பம் விடுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். ரத்தம் போதாமல் தவிக்கும் இதயத் தசை ஓய்வு கிடைத்ததும் அடங்குவதற்கும் ஏறத்தாழ அதே ஐந்து நிமிடம்தான் ஆகும். பெஞ்சு செய்த வேலைக்குச் சோடா பேர் வாங்கிக்கொண்டிருந்தது.

"சோடா குடிக்காம சும்மா உக்காந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். யோசித்தார். "ஒரு நாள் கடை பூட்டியிருந்துச்சு. படியிலயே உக்காந்தேன். அப்பவும் போயிருச்சு."

நோய் என்ன என்பது இந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ எல்லாம் அதை உறுதிப்படுத்தவும் அளந்து பார்க்கவும் மட்டும்தான்.

உள்ளே நடப்பது சிக்கலான விஷயம் இல்லை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிகிறது. குழாயின் உள்விட்டத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அடைபட்டாலும் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, வருகிற ரத்தமே போதும். மூட்டை தூக்கும்போதோ மாடி ஏறும்போதோ இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தம் கூடுதலாகக் கேட்கும். குழாயால் கொடுக்க முடியாது. அப்போது வருவதுதான் ஆஞ்சைனா. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இலேயே இதை விவரித்துவிட்டார்: நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட கையோடும் வருகிறது, நின்றால் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறவருக்கு "சாப்பாடு செரிக்கலை" என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. மாரடைப்பு வேறு. அங்கே படிந்த கொழுப்பு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைத்துக்கொள்கிறது. உட்கார்ந்தாலும் வலி போகாது.

முதல்நிலை மருத்துவரிடம் நெஞ்சுவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தில் கோளாறு இருக்காது. தசைப்பிடிப்பு, விலா எலும்பு வலி, அமிலம் மேலேறுவது, பயம் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். அத்தனை பேரையும் ஆஞ்சியோவுக்கு அனுப்பவும் முடியாது, அத்தனை பேருக்கும் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பவும் முடியாது. ஆட்களைப் பிரித்தெடுக்கப் பாடப் புத்தகம் மூன்று கேள்விகளைத் தருகிறது. நடு நெஞ்சிலோ கழுத்து, தாடை, தோள், கையிலோ இறுக்கமாக இருக்கிறதா? உடலை வருத்தினால் வருகிறதா? ஓய்வெடுத்தாலோ, ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாலோ ஐந்து நிமிடத்தில் போகிறதா? மூன்றும் ஆம் என்றால் ஆஞ்சைனாவேதான். இரண்டு என்றால் இருக்கலாம். ஒன்றோ பூஜ்யமோ என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

கேள்வி சரி, கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நெஞ்சு வலிக்குதா?" என்றால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு அது வலியே இல்லை. "கனமா இருக்கு", "அமுக்குது", "கல்லைத் தூக்கி வச்ச மாதிரி", "கரிக்குது", "மூச்சு முட்டுது" என்பார்கள். ஒற்றை விரலால் "இந்த இடம்" என்று தொட்டுக் காட்டுகிறவரைவிட, முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்துக் காட்டுகிறவரைப் பார்த்துத்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். சுருக்கென்று ஒரு நொடி குத்திவிட்டுப் போவதும், காலையிலிருந்து ராத்திரி வரை விடாமல் ஒரே மாதிரி வலிப்பதும் ஆஞ்சைனாவாக இருப்பது அபூர்வம்.

எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது என்று மீட்டரில் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மதுரைக்காரர்களுக்குக் கோயிலும் மலையும்தான் அளவுகோல். நாலு மாசி வீதியையும் ஒரே மூச்சில் சுற்றுகிறவர் இப்போது எந்த முக்கில் நிற்கிறார்? திருப்பரங்குன்றம் கிரிவலம் போன வருஷம் முடிந்ததா, இந்த வருஷம் பாதியில் ஆட்டோ பிடித்தாரா? அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்தா போகிறார், வேனிலா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். நடந்தால் வலிக்கிறது என்பதால் பலர் தங்களுக்கே தெரியாமல் நடப்பதை விட்டிருப்பார்கள். தெருமுனை டீக்கடைக்கும் டூவீலரில் போவார்கள். "முன்ன இருந்துச்சு, இப்ப வலி இல்லை சார்" என்று சொல்பவர் குணமானவரா, நடப்பதை நிறுத்தியவரா என்று வீட்டம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

மார்பர்க் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. ஜெர்மனியின் முதல்நிலை மருத்துவர்களை வைத்து உருவாக்கியது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்: ஆணாக இருந்து 55 வயதோ பெண்ணாக இருந்து 65 வயதோ ஆகிவிட்டதா, ஏற்கெனவே ரத்தக்குழாய் நோய் உண்டா, உழைத்தால் வலி கூடுகிறதா, விரலால் அழுத்தினால் வலி வராமல் இருக்கிறதா, இது இதயத்தால் வருவது என்று நோயாளியே நினைக்கிறாரா. 2 வரை வந்தால் இதய நோய்க்கான வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். கருவி எதுவும் வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்த முறைதான்.

நம்முடைய மூட்டைக்காரருக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 52, பூஜ்யம். முன்பு நோய் இல்லை, பூஜ்யம். உழைத்தால் கூடுகிறது, ஒன்று. அழுத்தினால் வலிக்கவில்லை, ஒன்று. இதயம் என்று அவர் நினைக்கிறாரா? சத்தியமாக இல்லை, அவருக்கு அது வாய்வு. மொத்தம் 2. "வாய்ப்பு குறைவு."

ஜெர்மன்காரர்மேல் குற்றமில்லை. அங்கே ஐந்தாவது கேள்விக்கு ஒரு பொருள் இருக்கிறது. நெஞ்சில் எது நடந்தாலும் வாயு என்று பெயர் வைக்கும் ஊரில் அதற்குப் பொருளே இல்லை. நாமோ தோள்பட்டைப் பிடிப்பையும் வாயு என்போம், முதுகு பிடித்தாலும் வாயு என்போம். வயது விஷயமும் அப்படித்தான். பல நாடுகளை ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. 55 என்ற கோடு நமக்குத் தாமதமான கோடு. இடுப்புச் சுற்றளவுக்கு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று தனி வரம்பு வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். நோய் நம்மிடம் சீக்கிரம் வருகிறது, அதுவும் பார்வைக்கு ஒல்லியாக, வயிறு மட்டும் தள்ளியிருப்பவரிடம்.

பெண்களிடமும், பல வருஷம் சுகர் உள்ளவர்களிடமும் இந்தக் கேள்விகள் எல்லாமே சறுக்கும். நெஞ்சில் ஒன்றுமே இருக்காது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், அல்லது காரணம் தெரியாத அசதி. "வயசாகுதுல்ல" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 60 வயது சுகர்க்கார அம்மாவுக்குப் புதிதாக மூச்சு வாங்கினால், அது இதயமாக இருக்கலாம் என்று எண்ணித்தான் நான் ஆரம்பிப்பேன்.

அப்புறம் கையும் காதும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்க ஐந்து நொடி போதும். ரத்தசோகை கடுமையாக இருந்தால் பாதி அடைப்புக்கே முழு வலி வரும். ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சல் கேட்டால் பெருந்தமனி வால்வு சுருங்கியிருக்கலாம், அதுவும் இதே மாதிரி வலி தரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி ஆகும். இவற்றைச் சரிசெய்தாலே வலி பெருமளவு அடங்கிவிடுவதுண்டு.

ஈசிஜியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டைக்காரர் என்னிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் ஈசிஜி எடுத்திருந்தார். "நார்மல்" என்று சொல்லி, கேஸுக்கு இரண்டு வாரம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார், எனக்குக் காட்டத்தான். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, ஆஞ்சைனா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நார்மலாகவே இருக்கும். அவர் கட்டிலில் படுத்திருக்கிறார், மூட்டை மார்க்கெட்டில் இருக்கிறது, பின்னே எப்படித் தெரியும்? வலி இருக்கும் நிமிடத்தில் எடுத்த ஈசிஜிக்கு மதிப்பு அதிகம். அதுவும் நார்மலாக வந்து வலி விடாமல் இருந்தால், பதினைந்து, முப்பது நிமிடத்தில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஈசிஜி இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதனால் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஜெலுசில் குடித்ததும் குறைந்தது என்பதையும் நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. மாரடைப்பின் வலிகூட ஏறி இறங்கும்.

கதை பொருந்துகிறது என்றால் அடுத்து எக்கோ, நடக்கவோ ஓடவோ வைத்து எடுக்கும் டிஎம்டி, தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோ அல்லது நேரடி ஆஞ்சியோ. எது யாருக்கு என்பதை இதய மருத்துவர் முடிவு செய்வார். எந்த அவசரத்தில் அனுப்புவது என்பது முதல்நிலை மருத்துவரின் வேலை. ஒரு வருஷமாக ஒரே அளவில் இருக்கும் வலியென்றால் மாத்திரையைத் தொடங்கிவிட்டுச் சில வாரத்தில் காட்டலாம். புதிதாக வந்தது, நாளுக்கு நாள் குறைந்த உழைப்புக்கே வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிட்டால் அன்றைக்கே, ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும். வலியே இல்லாதவருக்குத் தள்ளுபடி விலை ‘முழு உடல் பரிசோதனை’யில் டிஎம்டி எடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாய்ப்பு குறைவான ஆளிடம், குறிப்பாகப் பெண்களிடம், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். பிறகு அந்தக் குடும்பம் ஒரு மாதம் தூங்காது.

இப்போது "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்ற கோரிக்கைக்கு வருவோம். நெஞ்சில் பாரம், வேர்வை, வாந்தி, இருபது நிமிடமாகியும் விடவில்லை. இப்படி ஒருவர் வரும்போது இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்புவது தப்பு. இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தை ஒட்டி இருப்பதால், அங்கே வரும் மாரடைப்பு மேல்வயிற்று வலியும் வாந்தியுமாக, அசல் அஜீரணம் போலவே வரும். அவருக்கு அடுத்த ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்ற வேண்டி வரலாம். அப்போது தசையில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும்.

போட வேண்டியது மாத்திரை. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் 14 மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள்: 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 2, 75 மில்லிகிராம் குளோபிடோக்ரல் 4, 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாடின் 8. முதல் இரண்டும் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும், மூன்றாவது கொழுப்பு மாத்திரை. ஆஸ்பிரினை மென்று விழுங்கினால் வேகமாக வேலை செய்யும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிராமத்திலிருந்து உசிலம்பட்டி வருவதற்கே அரை மணி நேரம் ஆகும் ஊர்கள் உண்டு. அந்த வழி நெடுக இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மட்டும் பிரஷர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பிரஷர் தாழ்ந்திருந்தாலும், இதயத்தின் வலது பக்கம் பாதித்திருந்தாலும், ஆள் ஆண்மைக் குறைவு மாத்திரை போட்டிருந்தாலும் மயங்கி விழுந்துவிடுவார். இந்தக் கடைசிக் கேள்வியை மனைவி, மகன் எதிரில் கேட்டால் உண்மை வராது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

ஈசிஜியை முதல் 10 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். குழாய் முழுக்க அடைத்ததாகத் தெரிந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் வைத்து அடைப்பை விரிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்றால் நேரே அங்கே போகலாம். முடியாது என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம். அந்த மருந்து முதல் மூன்று மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரத்துக்குப் பிறகு பயன் பெரிதாக இல்லை. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு இணைக்கும் இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை, யார் யாரை எங்கே அனுப்புவது என்று ஒழுங்குபடுத்தியதில் கிடைத்த பலன். மற்றபடி, மகன் பைக்கில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் மாமா பிடித்துக்கொண்டு வருவதை இன்னும் பார்க்கிறேன். வழியில் துடிப்பு தடுமாறினால் பைக்கில் என்ன செய்ய முடியும்? 108 வண்டிகள் பலவற்றில் ஷாக் கொடுக்கும் கருவி இருக்கிறது.

மூட்டைக்காரருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அந்த வாரமே பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவுக்குப் போனார். ஒரு குழாயில் அடைப்பு. மாத்திரையிலேயே பார்க்கலாம் என்றார்கள். அவர் மகனுக்குத் திருப்தியில்லை. "ஸ்டென்ட் வச்சு அடைப்பை எடுத்துட்டா முடிஞ்சுதே சார்?"

எல்லோரும் கேட்பதுதான் இது. பைப்பில் அடைப்பென்றால் குத்தி எடுக்க வேண்டியதுதானே? மாரடைப்பு நடக்கும்போது அது சரி, அப்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கும். உழைத்தால் மட்டும் வந்து போகும் வலியில் கதை வேறு. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வும், 5,179 பேரை வைத்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்லின: நல்ல மாத்திரைச் சிகிச்சையோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்தாலும் சாவு எண்ணிக்கை குறையவில்லை. வலி நன்றாகக் குறைந்தது. எனவே மாத்திரைக்கு வலி அடங்காதவர், இடது முதன்மைத் தமனியில் அடைப்புள்ளவர், இதயத்தின் பம்ப் பலவீனமானவர் போன்றோருக்கு அவை வேண்டும். காரணம் இதுதான்: மாரடைப்பைக் கொண்டுவரும் கொழுப்புத் திட்டு பல சமயம் ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரிகிற அந்த ஒன்றே இல்லை, வேறெங்கோ இருக்கும் சின்னத் திட்டு. ஸ்டென்ட் ஓரிடத்தைத்தான் விரிக்கும், மாத்திரை எல்லாக் குழாய்க்கும் போகும்.

அந்த மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வைப்பதுதான் உள்ளூர் மருத்துவருக்குக் கடைசிவரை இருக்கும் வேலை. தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். கொழுப்பு மாத்திரையில் அட்டார்வாஸ்டாடின் 40 அல்லது 80, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை 70க்குக் கீழே கொண்டுவர (55க்குக் கீழே என்கின்றன 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள்). துடிப்பைக் குறைக்க மெட்டோபிரோலால் போன்ற ஒன்று. இதயம் தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே விரியும்போதுதான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு மெதுவானால் தேவையும் குறைகிறது, வாங்கும் நேரமும் கூடுகிறது. பிரஷர் 130/80க்குக் கீழே. பீடி நிற்க வேண்டும், அதில் பேரம் கிடையாது.

நிறுத்துவதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும். "கொலஸ்ட்ரால் நார்மலுக்கு வந்துருச்சு, அதான் விட்டுட்டேன்" என்பார்கள், நார்மலுக்குக் கொண்டுவந்ததே அந்த மாத்திரைதான் என்பதை மறந்து. ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்குவதற்காகத் தானாகவே ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உறைந்துவிடும். கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் மாத்திரைகளும் உண்டு. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபினாக் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும், ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினை வேலை செய்ய விடாது. குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்குக் கேஸ் மாத்திரை தேவைப்பட்டால் ஒமிப்ரசோலை விட பேன்டோப்ரசோல் நல்லது. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன, பாதி நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கொண்டுவந்து கொடுக்கிற பெண்ணிடம் நெஞ்சு பாரத்தையும் ஒரு வார்த்தை சொல்லலாம். நாம்தான் அவரிடம் வாய்வு என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், எனவே நீட்டவில்லை. பரோட்டாவைப் பற்றி எல்லோரும் திட்டுகிறார்கள், அப்பளம், ஊறுகாய், கருவாட்டில் இருக்கும் உப்பை யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு டீஸ்பூன் அளவு.

இரண்டு மாதம் கழித்து மூட்டைக்காரர் வந்தார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எங்கே என்றேன். மடியிலிருந்து எடுத்தார். அட்டையிலிருந்து உதிர்த்து, சில்லறையோடு ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார், வேர்வையில் பாதி மாவாகியிருந்தது. அட்டையோடுதான் வைத்திருக்க வேண்டும், வலி வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் 108 என்று மறுபடி சொன்னேன். இப்போது மூட்டை தூக்குவதில்லையாம், தராசுப் பக்கம் நின்று சிட்டை எழுதுகிறார். கூலி குறைவு. பீடி ஒன்றரை மாதமாக இல்லை. சோடா?

"அது மட்டும் விடலை சார்."

"சரி, உப்பு போடாம குடிங்க."

"உப்பில்லாத சோடாவுக்கு ஏப்பம் வராதே சார்."